மைக் மட்டும் போதும் சார்

பட்டாசு ஆலையில் ஒரு வேலை அறைக்குள் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று விதி இருக்கிறது. ஐந்தாவது ஆளைப் பார்த்துவிட்டால் லைசென்ஸுக்கே வினை. அதைக் கண்காணிக்க சிவகாசியிலேயே வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலகமும் உண்டு. அதே வட்டாரத்தில் இருக்கும் எங்கள் கல்லூரிக் கலையரங்கத்தில் நானூறு பிள்ளைகளை அடைத்து வைத்து, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கலக்கலாம். ஒரு லெட்டர்பேடு இருந்தால் போதும்.

கலையரங்கப் பொறுப்பு என் தலையில். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, சாவி மட்டும் உண்டு. நினைவாற்றல் பயிற்சியாளர் வருவார். விடைபெறும்போது என் பெயரை மாற்றிச் சொல்வார். ஆளுமை மேம்பாட்டுக்காரர் விருதுநகர் மாவட்டத்து மார்ச் வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு வருவார். கோட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், கடைசிப் பத்து நிமிடத்தில் "உங்களுக்குக் கீழே ரெண்டு பேரைச் சேர்த்தீங்கன்னா..." என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று. எல்லாருக்கும் பல்லவி ஒன்றுதான்: "ஃப்ரீ சார். மைக் மட்டும் போதும்."

நாங்கள் மட்டும் யோக்கியமா? கல்லூரிக்குத் தரமதிப்பீடு போடும் நாக் (NAAC) அமைப்புக்குக் காட்ட ஃபைல் கனமாக இருக்க வேண்டும். பேனர், குத்துவிளக்கு, வருகைப் பதிவு, ஜியோடேக் போட்டோ இருந்தால் நிகழ்ச்சி நடந்ததாகக் கணக்கு. வந்தவர் என்ன பேசினார் என்பதற்கு அந்த ஃபைலில் பக்கமே கிடையாது.

2024 ஆகஸ்ட் 28 அன்று சென்னை அரசுப் பள்ளிகளில் பரம்பொருள் ஃபவுண்டேஷன் சொற்பொழிவாளர் மகாவிஷ்ணு பேசினார். உடற்குறையோடு பிறப்பதற்கு முற்பிறவிப் பாவமே காரணம் என்கிற ரீதியில் பேச்சு போனது. பார்வைக் குறைபாடுள்ள தமிழாசிரியர் சங்கர் பேச்சின் நடுவிலேயே எழுந்து கேள்வி கேட்டார். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பள்ளித் தலைமையாசிரியர்கள் இடம் மாற்றப்பட்டார்கள், செப்டம்பர் 7 அன்று பேச்சாளர் சென்னை விமான நிலையத்தில் கைதானார். பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் புதிய நெறிமுறை வரும் என்று அரசும் அறிவித்தது.

அடுத்த வாரம் எங்கள் பிரின்ஸ்பால் என்னைக் கூப்பிட்டார். "இனிமே வர்றவங்களை நல்லா விசாரிச்சு விடுங்க. நாக்குக்கு எண்ணிக்கையும் குறையக் கூடாது."

ஒரு படிவம் அடித்து வைத்தேன். பணம் எங்கிருந்து வருகிறது, கடைசியில் எதை விற்பீர்கள் என்று கேட்டால் எவருக்கும் முகம் மாறுவதில்லை. "சேவை" என்று மணிமணியாக எழுதிவிடுகிறார்கள். "பேச்சின் நடுவே ஆசிரியர்கள் எழுந்து கேள்வி கேட்கலாமா?" என்ற இடத்தில்தான் பேனா நிற்கிறது. பாதிப் பேருக்கு அப்போதுதான் மதுரை பஸ்ஸுக்கு நேரமானது ஞாபகம் வரும்.

போன வாரம் வந்தவர் அசரவில்லை. கதர் ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி. படிவத்தை நிதானமாகப் படித்து, அந்த இடத்தில் "தாராளமாக" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். எனக்கே அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. சாவியை எடுக்கப் போனேன்.

"ஒண்ணுதான் சார்," என்றார். "ஆரம்பத்துலயே எல்லாரையும் கண்ணை மூடி மவுனத்துல உட்கார வச்சிருவேன். ஆசிரியர்களும் சேர்த்துத்தான்."