கருவி மாறலாம், காய்ச்சுவது மாறாது

கேள்வி: கல்யாண வீடுகளில் சிடி பிளேயரில் பாட்டுப் போடுகிறேன். லேப்டாப், மிடி கன்ட்ரோலருக்கு மாறலாமா?
– வாசகர், பட்டிப்பொல

பதில்: தாராளமாக! 1983-இல் வந்த மிடி, ஒலியைச் சுமப்பதில்லை. குமிழைத் திருகினால் 0 முதல் 127 வரை ஓர் எண் போகும், அவ்வளவுதான். பாடுவது லேப்டாப். அதன் பஃபரை 256 சாம்பிளில் வையுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் அதனால் வரும் தாமதம் சுமார் 6 மில்லிசெகண்ட், காதுக்குத் தெரியாது. பாட்டுகளை லேப்டாப்பிலேயே ஏற்றிவிடுங்கள். மலையில் சிக்னலை நம்பி மேடை ஏறவேண்டாம்.

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் உங்கள் ஊரில், குளிருக்கும் குறைவில்லை. மலையகத்துக் காமன் கூத்துக்குத் தப்படிப்பவர், குளிரில் தளரும் தப்பின் தோலை நெருப்பில் காய்ச்சி, தட்டிப் பார்த்துத்தான் களமிறங்குவார். நீங்களும் அரைமணி முன்பே எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். கூட்டம் ஆடும், நீங்கள் ஆடிப்போக மாட்டீர்கள்!