ஓநாயாரின் இரண்டாவது கண்

பகலில் அவர் கணக்குப் பிரிவு ஊழியர். லிஃப்டில் எதிர்ப்பட்டால் நம் செருப்பைப் பார்த்துத்தான் குட்மார்னிங் சொல்வார். இரவு ஒன்பது மணிக்கு மேல் நீல நிற ஓநாய். இணையத்தில் அந்த ஓநாய் பேச ஆரம்பித்தால் பட்டிமன்ற நடுவர் மணியடித்துத்தான் நிறுத்த வேண்டும்.

பிட்ஸ்பர்கில் நான் வேலை பார்த்தபோது பக்கத்து இருக்கைக்காரர் இவர். அமெரிக்காவில் இந்த ரகத்துக்கு 'ஃபர்ரி' என்று பெயர். மனிதரைப் போல் நிமிர்ந்து நடந்து வாய் பேசும் மிருகங்கள் மேல் தீராத பிரியம். எப்போது பிடித்தது என்று கேட்டால், டிஸ்னியின் 1973ஆம் ஆண்டு 'ராபின் ஹூட்' நரியைப் பலர் கைகாட்டுவார்கள். ஆளுக்கொரு மிருக அவதாரம் உண்டு. அதற்கு 'ஃபர்சோனா' என்று பெயர். நரிக்கும் ஓநாய்க்கும் டிராகனுக்கும் ஏகக் கிராக்கி. எருமையாக அவதரித்தவரை நான் பார்த்ததில்லை.

அவதாரம் எடுத்தால் ஆயிற்றா? படம் வேண்டாமா? காசு கொடுத்தால் வரைந்து தர ஆள் இருக்கிறது. முகம் மட்டும் என்றால் ஒரு விலை, இடுப்பு வரை ஒரு விலை, முழு உருவத்துக்கு ஒரு விலை. நம்மூர் ஸ்டூடியோ கணக்குதான். ஆனால் நம்மவர், "என்னை நானே வரைகிறேன்" என்று கிளம்பிவிட்டார். வினை அங்கே ஆரம்பித்தது.

முதல் கண் அற்புதமாக வந்துவிடும். இரண்டாவது கண் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி போல வந்து நிற்கும். அழித்து அழித்து அலுத்துப்போய் அதன் மேல் ஒரு கொத்து முடியை இழுத்துவிடுவார். கை வராது, ஆகவே ஓநாய் எப்போதும் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நிற்கும் பையன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கும். பாதமும் வராது. அதற்குப் புல். அவர் படங்களில் புல் முளைக்காத இடமே கிடையாது. ஒருமுறை சமையலறையிலும் முளைத்திருந்தது. கணினியில் படத்தை இடவலம் திருப்பிப் பார்க்க ஒரு வசதி இருக்கிறது. அதைத் தொடாதவரை எல்லாரும் ரவிவர்மாதான். தொட்டால், ஓநாயின் தாடை ஒரு பக்கமாக ஓடிப்போயிருக்கும்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, நாயின் பின்னங்காலில் பின்பக்கமாக மடங்குவது முழங்கால் இல்லை, கணுக்கால் என்று எனக்கு விளக்கினார். நாய் விரலூன்றி நடக்கிறதாம். இவ்வளவு சேதி சொன்னவருக்குப் பதிலுக்கு ஏதாவது தர வேண்டுமே என்று சிதம்பரத்து வியாக்கிரபாதரைச் சொன்னேன். பூஜைக்குப் பூப்பறிக்க மரமேறத் தோதாக, சிவனிடம் புலிக்கால் கேட்டு வாங்கியவர். நோட்டைத் திறந்துகொண்டு கேட்டார்: "அவருக்குக் கணுக்கால் எந்த இடத்தில் வரும்?" எத்தனையோ முறை கும்பிட்டிருக்கிறேன்; இந்தச் சந்தேகம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஃபர்ரிகளுடைய பெரிய திருவிழாவான ஆந்த்ரோகான் 2006 முதல் பிட்ஸ்பர்கில்தான் நடக்கிறது. 2024இல் 17,000 பேருக்கு மேல் வந்தார்கள். என்னையும் ஒரு வருடம் அழைத்துப் போனார். உச்சி முதல் பாதம் வரை ரோம உடுப்புக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும் என்பதால் எல்லாரும் அதில் வருவதில்லை; அநேகர் ஒரு வாலோடு சரி. உடுப்புக்குள் வெந்துபோனவர்கள் மிருகத் தலையைக் கழற்றி வைத்து, மின்விசிறிமுன் தண்ணீர் குடிக்கத் தனி அறை உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், 'தலையில்லா அறை'. முகவரி கேட்டு வருகிறவர் பயந்துவிட மாட்டாரா?

நம்மவரிடம் உடுப்பு இல்லை. வாலும், கழுத்தில் தானே வரைந்த ஓநாய் அட்டையும்தான். ஆறடி நரி ஒன்று குனிந்து அட்டையைப் பார்த்தது.

"யார் வரைந்தது?"

அவர் வழக்கம்போல் எதிராளியின் செருப்பைத் தேடினார். அங்கே இருந்தது பஞ்சு வைத்த பாதம்.

"நான்தான்."

"நன்றாக இருக்கிறது. இன்னொரு கண் எங்கே?"

"வந்துகொண்டிருக்கிறது," என்றார், முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி.