மலேசியாவின் கெடா மாநில வீட்டுக் கணினிகளில் லினக்ஸும் ஐந்திணையும்: ஓர் அகப்பொருள் ஆய்வு

1. நோக்கம்

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாத கணினிகளுக்கு லினக்ஸ் ஒரு கதியாயிற்று. அதன்பின் எழும் “வைஃபை வரல, பிரிண்டர் பேசல” என்ற புலம்பலைத் தொழில்நுட்பக் கோளாறு என்பர் சிலர். பிழை. அது அகப்பொருள்.

2. மாந்தர்

தலைவன்: 1991இல் பின்லாந்தில் பிறந்த லினக்ஸ் கெர்னல்.
தலைவி: கணினியில் உள்ள கருவி.
தூது: டிரைவர்.
நற்றாய்: கருவியைச் செய்த நிறுவனம். மகளின் குணத்தை விண்டோஸ் வீட்டாருக்கு மட்டும் சொல்லிவிட்டு மற்றவரிடம் வாய் திறக்காதவள். சிக்கலின் வேர் இவளே.

3. திணைப் பகுப்பு

குறிஞ்சி (புணர்தல்): ஜெராய் மலை. யுஎஸ்பி கீபோர்டு, மவுஸ். பொதுத் தரத்தில் பேசுவதால் செருகியதும் கூடும். ஆகவே இவற்றைப் பாடுவாரில்லை.

முல்லை (இருத்தல்): ரப்பர்த் தோட்டங்கள். புத்தம்புது கிராபிக்ஸ் கார்டு, தன்னை அறிந்த கெர்னல் பதிப்பு வரும்வரை ஆற்றியிருக்கும்.

மருதம் (ஊடல்): மூடா வயல்வெளி. என்விடியா. கெர்னல் புதுப்பிக்கப்பட்டால் அதன் மூடிய டிரைவரையும் அதற்கேற்பக் கட்ட வேண்டும். தவறினால் திரை இருளும். 2012இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்துக்கு மேடையிலேயே நடுவிரல் காட்டினார். தலைவனைப் பெற்றவரே ஊடுவது இலக்கணம் காணாதது.

நெய்தல் (இரங்கல்): நெத்திலி காயும் தஞ்சோங் டாவாய். பிராட்காம் வைஃபை. ஃபர்ம்வேர் இன்றி அது இயங்காது, ஃபர்ம்வேரோ இணையத்தில், இணையத்துக்கு வைஃபை வேண்டும். இங்கே தோழி, யுஎஸ்பி வயரில் இணைத்த ஹேண்ட்போன்.

பாலை (பிரிவு): கெடாவில் பாலை நிலம் கிடையாது. எனினும், தன் வேலையை விண்டோஸ் மென்பொருளிடமே ஒப்படைத்துவிட்ட வின்மோடம் இருந்த மேசையெல்லாம் பாலையே.

4. உடன்போக்கு

நற்றாய் இசையாவிடில், அவளது மூடிய டிரைவரைப் பிரித்தாய்ந்து, அவளைக் கேளாமலே டிரைவர் எழுதுவதுண்டு. பழைய பிராட்காம் வைஃபைக்கான பி43 அப்படி வந்தது. 2010இல் பிராட்காமே சில புதிய சில்லுகளுக்குத் திறமூல டிரைவர் வெளியிட்டது. தாய் மனம் இளகியதற்கு இதுவே சான்று.

5. முடிவு

நிறுவிவிட்டுப் புலம்புதல் நூலறியார் செயல். லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் லைவாக ஓட்டலாம். வைஃபை, ஒலி, திரை, தூங்கி எழுதல் எல்லாம் பொருந்தினால் நிறுவலாம். முன்னது களவு, பின்னது கற்பு. சுங்கைப் பட்டாணிக் கடைக்காரர் கடையில் வைத்துப் பென்டிரைவைச் செருக விடாவிட்டால், அது இற்செறிப்பு. வேறு கடை பார்க்கவும்.