கொசு அடித்தலும் தப்பவிடுதலும்: ஒரு நரம்பு-தசை ஆய்வு

கொசு அடித்தலாவது, ஒருவர் தம் உடம்பைத் தாமே அறைந்துகொள்ளுதல். இதில் கொசு பங்கேற்பது கட்டாயமில்லை. இத்துறையில் தமிழரின் பங்களிப்பு பெரும்பாலும் வசைமொழி அளவிலேயே நின்றுவிட்டதால், அறை தவறுவது ஏன் என்னும் ஒன்றை மட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது. சோம்பல், வயது, மூக்குக்கண்ணாடி முதலிய காரணங்கள் வீட்டாரால் முன்மொழியப்பட்டவை, ஆதலின் தள்ளப்பட்டன.

நரம்பு மெதுவானது, அதனால்தான் கை தவறுகிறது என்பார் ஒருசாரார். அற்றன்று. நரம்புச் செய்தியின் வேகத்தை அளக்கவே முடியாது என்று உடலியல் அறிஞர் யோகன்னஸ் முல்லர் கருதியிருந்தார். அவரிடம் படித்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளைக்கால் நரம்பில் அளந்தே காட்டினார்: நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். நம் தசைகளுக்குப் போகும் பருத்த நரம்பிழைகள் இன்னும் விரைவு. நொடிக்கு 80 முதல் 120 மீட்டர். தலையிலிருந்து கைக்கு என்ன பெரிய தூரம்?

தாமதம் வேறிடத்தில். கண்ணில் பட்டது கொசுதான் என்று பின்மண்டை அறிய வேண்டும். அடிப்பதா என்று முடிவாக வேண்டும். ஆணை தண்டுவடம் வழியாக இறங்க வேண்டும். இறங்கியும் என்ன, தசையைத் தொடுமுன்பே நரம்பு முடிந்துவிடுகிறது. இடையிலுள்ள நுண்ணிய வெளியை அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் கடந்தால்தான் தசைக்குள் கால்சியம் அவிழும்; அதன்பின் மயோசின் இழைகள் ஆக்டின் இழைகளைக் கிணற்றுக் கயிறுபோல் மாற்றி மாற்றிப் பற்றி இழுக்கும். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே மேற்கையின் பின்தசையான ட்ரைசெப்ஸ் முழங்கையை நீட்ட, முன்தசையான பைசெப்ஸ் விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தச் சமரசத்தைத் தண்டுவடம் எப்படிச் செய்துவைக்கிறது என்று உடலியல் அறிஞர் ஷெரிங்டன் விளக்கினார். 1932இல் நோபல் பரிசும் பெற்றார். இரண்டும் ஒருசேர இறுகினால் கை அந்தரத்தில் விறைத்து நிற்கும். கொசு சாவகாசமாகப் புறப்படும். இத்தனையும் முடிந்து கை கிளம்ப, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது.

இனி எதிர்த்தரப்பு. கொசு நொடிக்குச் சுமார் 500 முறை சிறகடிக்கிறது. அத்தனை அடிக்கும் தனித்தனி நரம்பாணை கிடையாது. அதன் மார்பில் இரண்டு தசைக்கூட்டங்கள். ஒன்று சுருங்கினால் மற்றது இழுபடும், இழுபடுவதே அதற்குச் சுருங்கும் குறிப்பு. நரம்பு அவ்வப்போது ஒரு துடிப்பை அனுப்பி, கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வதோடு சரி. நம் கை கிளம்புமுன் அது 100 முறை சிறகடித்தாயிற்று. அடிக்கொரு ஆணைக்குக் காத்திருக்கும் தசை, காத்திராத தசையிடம் தோற்கிறது என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு.

அஃதேல், அறைபட்ட கெண்டைக்காலில் எரிச்சல் சற்றுப் பொறுத்து வருவது என்னை எனின், தொடுவுணர்வு விரைவிழைகளில் ஓடிவருகிறது. எரிச்சலோ நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊரும் மெல்லிழைகளில் வருகிறது. கொசு தப்பியது உறுதியான பிறகே வலி வந்து சேர்வதை இயற்கையின் திட்டமிட்ட அவமதிப்பாகவே இக்கட்டுரையாசிரியர் கொள்கிறார்.

தன் எடைக்கு மேல் ரத்தம் குடித்த பெண்கொசு மந்தமாகத்தான் எழும், அப்போது அடிக்கலாம் என்பர் சிலர். அது பழிவாங்கலே ஒழியத் தற்காப்பு ஆகாது. தேங்கிய நீரில் நெளியும் கொசுப்புழுவுக்கோ சிறகே இல்லை. அதை எதிர்கொள்ள நொடிக்கணக்கும் வேண்டாம். எனவே வாசகர்கள் அடுத்த அறைக்குக் கை ஓங்குமுன், கொல்லையில் கிடக்கும் பழைய டயரிலும் பூந்தொட்டித் தட்டிலும் உள்ள தண்ணீரைக் கொட்டிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.