டெசிபல் அண்ணாச்சி

எந்த ஊரிலும் ஒரு டெசிபல் அண்ணாச்சி இருப்பார். கம்ப்யூட்டரைக் கடையில் ஒரே பெட்டியாக வாங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பார். மதர்போர்டு ஓரிடம், பிராசசர் ஓரிடம், கேபினெட் இன்னோரிடம் என்று தேடிப் பிடித்து, கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்துத் தானே கோப்பார். கோத்த மெஷின் வேகமாக ஓட வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது. அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கே தெரியக்கூடாது, அவ்வளவுதான். ஆகவே பிராசசரின் தலையில் உட்கார்ந்து சூட்டை இறக்கும் கூலரும் அதன் விசிறியும் அவருக்கு ஜென்மப் பகை.

சென்னை அண்ணாச்சி, கோவை அண்ணாச்சி எல்லாம் சாதாரண ரகம். சிப்பிகாட் அண்ணாச்சி அபூர்வ ரகம். அவர் அமைதியைத் தேடிக்கொண்டிருக்கும் இடம் அப்படி.

சிப்பிகாட் இருப்பது தெற்கு அந்தமானில், போர்ட் பிளேருக்குப் பக்கத்தில். அந்தத் தலைநகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இன்னும் போர்ட் பிளேருக்குத்தான் டிக்கெட் கேட்கிறார்கள். 2004 பூகம்பத்தில் இந்தப் பக்கத்துக் கரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் வயலாக இருந்த இடத்தில் கடல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நெல் விளைந்த இடத்தில் இப்போது கொக்கும் நாரையும் மேய்கின்றன; அவற்றைப் படம் பிடிக்க ஆட்கள் வருகிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்குப் பருவமும் பெய்யும், அவ்வளவும் தகரக் கூரைமேல். மழை விட்டால் தவளை. தவளை ஓய்ந்தால் சில்வண்டு. சில்வண்டுக்குத் தொண்டை கட்டினால் டிரங்க் ரோட்டில் லாரி. இத்தனைக்கும் நடுவில் மேஜைக்கடியில் சுற்றும் ஒரு சிறு விசிறி தன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அண்ணாச்சி சொல்வார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது.

இந்த ரகம் தீவில் பெருகியதற்குத் தேதி உண்டு. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் திறந்துவைத்தார்கள். ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம். அதற்கு முன்னால் எல்லாம் செயற்கைக்கோள் வழி. ஒரு வீடியோ ஓடத் தொடங்குவதற்குள் டீ ஆறிவிடும். கேபிள் வந்தபின் மாணவர்கள் பாடம் படித்தார்கள், வியாபாரிகள் கணக்குப் பார்த்தார்கள், அண்ணாச்சி கூலர் வீடியோ பார்த்தார். அந்த வீடியோக்களில் யாரோ ஒருவர் விசிறிக்குப் பக்கத்தில் மைக்கை வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். விசிறி எவ்வளவு அமைதி என்று கேட்பதற்காக அண்ணாச்சி ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைப்பார். பக்கத்து வீட்டு வங்காள தாதா மோட்டார் ஏதோ ரிப்பேர் என்று நினைத்து ஸ்பானரோடு வந்து நின்றதுகூட உண்டு.

அண்ணாச்சியை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். பேசிக்கொண்டே இருப்பவர் நடுவில் நிறுத்தி, தலையை இடப்பக்கம் சாய்த்து, "கேக்குதா?" என்பார். உங்களுக்கு ஒன்றும் கேட்காது. கேட்கவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் காதின் தரத்தைப் பற்றிப் பேச்சு திரும்பிவிடும். கேட்கிறது என்றும் சொல்லிவிடாதீர்கள், ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுவார். "லேசா…" என்று இழுப்பதே பாதுகாப்பு.

நியாயமாகச் சொன்னால் ஆளுக்கு விஷயம் தெரியும். சொல்வதில் பாதி பௌதிகம். "தம்பி, கூலர்னா மாய மந்திரம் இல்ல. இந்தச் செம்புக் குழாய் இருக்கு பாருங்க, உள்ளே துளி தண்ணி. பிராசசர் பக்கம் ஆவியாகும், தகட்டுப் பக்கம் போய்த் திரும்பத் தண்ணியாகும், உள்சுவர் வழியா ஊறிக் கீழே இறங்கும். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. சத்தம் போடுறது விசிறி மட்டும்தான்" என்பார். உண்மை. விசிறியின் சுற்றைப் பாதியாகக் குறைத்தால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் விழும். காதுக்கு அது பெரிய லாபம். 120 மில்லிமீட்டர் விசிறியை விட 140 மில்லிமீட்டர் விசிறிக்குப் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்குமேல் கூடுதல், அதனால் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளிவிடும். பெரிய விசிறி, மெதுவான சுற்று: அமைதியின் சூத்திரம் மொத்தமும் இவ்வளவுதான். இந்த ஒரு வரியோடு அண்ணாச்சி நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது.

அவர் வாங்கியிருப்பது ரைசன் 5 5600ஜி. 65 வாட் சாது. பெட்டிக்குள்ளேயே ஏஎம்டி இலவசமாக ஒரு கூலர் வைத்துக் கொடுத்திருக்கிறது. வேலை அதிகமானால் கொஞ்சம் முனகும், ஆனால் கடமையைச் செய்யும். அதை அண்ணாச்சி பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. "இலவசமா வர்றது இரைச்சலோடதான் வரும்" என்று பழமொழியே சொல்லிவிட்டார். அவர் மனம் நாடியது ஆஸ்திரியாவின் நாக்டுவா கம்பெனி செய்யும் என்ஹெச்-டி15. இரண்டு கோபுரம், இரண்டு 140 மில்லிமீட்டர் விசிறி, பழுப்பு நிறம். விசிறிகளோடு எடை 1,320 கிராம், உயரம் 165 மில்லிமீட்டர். முழு வேகத்தில் 24.6 டெசிபல் என்பது கம்பெனி கணக்கு. கூடவே தரும் ஒரு சின்ன வயரைச் செருகினால் 19.2. அந்த 19.2-ஐ அண்ணாச்சி மகனின் பிளஸ் டூ மார்க்கைப் போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாங்குவது அடுத்த காண்டம். 744-ல் தொடங்கும் பின்கோடைத் தட்டியதும் பாதிக் கடைகள் கையை விரித்துவிடும். மீதிக் கடைகள் "வரும்" என்று சொல்லும். எப்போது என்று சொல்லாது. அபர்தீன் பஜாரில் விசாரித்தால், "அண்ணாச்சி, அந்தப் பெரிசெல்லாம் வராது, சின்னது இருக்கு, இன்னிக்கே எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். இன்றே கிடைப்பதை வாங்குகிறவர் டெசிபல் அண்ணாச்சியாக இருக்க முடியாது. சென்னை மச்சானிடம் சொல்லி ரிச்சி தெருவில் எடுக்கச் சொன்னார். அது கப்பலில் வரும் யாரோ ஒருவரின் சாமான்களோடு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடலைக் கடந்து, அலையில் ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. பெட்டியின் அளவைப் பார்த்த அண்ணிக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"மிக்ஸியா?"

"கம்ப்யூட்டருக்கு."

அண்ணி மேற்கொண்டு கேட்கவில்லை. அன்று இரவு சட்னி அம்மியில் அரைபட்டது. சத்தம் கூடத்து வரைக்கும் வந்தது.

பொருத்துவதற்கு முன் தெர்மல் பேஸ்ட் சர்ச்சை. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் இந்தப் பசையைப் பட்டாணி அளவு வைப்பதா, அரிசி அளவா, குறுக்கே பெருக்கல் குறியா என்று உலகம் இரண்டு மூன்று சம்பிரதாயமாகப் பிரிந்து கிடக்கிறது. மிகக் குறைவாக வைத்தால் இடைவெளி விழும், வழிய வழிய வைத்தால் துடைக்க வேண்டியிருக்கும். நடுவில் எப்படி வைத்தாலும் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். அண்ணாச்சி வைத்தார், துடைத்தார், மறுபடி வைத்தார். ட்யூப் தீர்ந்தபோதுதான் கொள்கையும் முடிவுக்கு வந்தது.

கூலரை ஏற்றி முறுக்கிவிட்டுக் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டை மூடப் போனார். மூடவில்லை. கூலர் 165 மில்லிமீட்டர், கேபினெட் அனுமதிப்பது 155. வீடியோ முழுவதும் டெசிபல் பார்த்தவர் மில்லிமீட்டர் பார்க்கவில்லை. அமைதி தேடுகிறவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது. கூலரின் உயரம், ராம் குச்சிகளின் உயரம், கேபினெட்டின் இடைவெளி ஆகிய மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் தீர்ந்தது. அண்ணாச்சி அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்: "தொறந்து இருந்தா காத்து நல்லா வரும்."

காற்று வந்தது. கூடவே பல்லியும் வந்தது. பல்லி தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. மதர்போர்டில் விழுந்தால் என்ன பலன் என்று போடவில்லை. உப்புக் காற்று, புழுக்கம், எறும்பு, பல்லி என்று இத்தனையும் உள்ள ஊரில் கேபினெட்டைத் திறந்து வைப்பது, கொசுவலையை வாங்கிச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுக்கிற கதை. கடைசியில் வேறு கேபினெட் வந்தது. அதுவும் கப்பலில்.

எல்லாம் பொருத்தி முடித்து மெஷினை ஆன் செய்த அந்த நல்ல நாளில் பரிசோதனை நடந்தது. செல்போனில் சத்தம் அளக்கும் ஆப். மெஷின் நின்றிருந்தபோது 41 காட்டியது. ஓடும்போதும் 41. அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? வித்தியாசமே இல்ல!" அந்த 41 அறையின் சொந்தச் சத்தம்: சீலிங் ஃபேன், சில்வண்டு, தூரத்தில் ஒரு நாய். டெசிபலின் கூட்டல் நம் வீட்டுக் கூட்டல் கிடையாது. 41-உடன் 20-ஐக் கூட்டினால் 61 வராது. 41-தான் வரும், புள்ளிக்கு அப்புறம் ஏதோ துளி. அந்த அறையில் 19.2 டெசிபல் விசிறி இருந்தாலும் ஒன்றுதான், 30 டெசிபல் விசிறி இருந்தாலும் ஒன்றுதான். இதை எடுத்துச் சொன்ன தாதாவிடம் அண்ணாச்சி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் சொன்னது உறைத்திருக்கிறது. மறுநாள் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு அளந்தார். அந்தமான் புழுக்கத்தில் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியது. பிராசசர் 52 டிகிரியில் சுகமாக இருந்தது. "என்ன டெம்பரேச்சர் பாருங்க!" என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. அந்தப் பிராசசர் 95 டிகிரி வரை தாங்கும் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். அண்ணாச்சி எத்தனை டிகிரி வரை தாங்குவார் என்று அவரைப் பெற்றவர்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை.

52-க்கும் மனசு ஆறவில்லை. வீடியோவில் 42 காட்டினார்களாம். வீடியோக்காரர் அறை 21 டிகிரி, சிப்பிகாட் அறை 31. எந்த ஏர் கூலராலும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது. அறை பத்து டிகிரி ஏறினால் பிராசசரும் பத்து ஏறும். குளிர் நாட்டு எண்ணைக் கடலோர ஊரில் எதிர்பார்க்கக்கூடாது. அண்ணாச்சி எதிர்பார்ப்பார்.

ஃபேனை நிறுத்திய அந்த அறையில்தான் அவருடைய இரண்டாவது பிறவி தொடங்கியது. கூலர் சத்தம் போன இடத்தில் ஹார்டு டிஸ்க்கின் கரகரப்பு கேட்டது. அதைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டார். பவர் சப்ளையின் விசிறி கேட்டது. அதையும் மாற்றினார். அப்புறம் எங்கிருந்தோ ஒரு மெல்லிய ரீங்காரம். மின்சுருள் பாடுகிறது என்றார். ஒவ்வொரு சத்தமும் அடுத்த சத்தத்துக்குத் திரை போட்டு வைத்திருக்கிறது. திரையை விலக்குகிறவருக்கு வேலை ஓயாது. இப்போதைக்கு யூபிஎஸ் மேல் கண். கரண்ட் போனால் அது 'பீப்' என்கிறது. சிப்பிகாட்டில் கரண்ட் போகும். தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் டீசல் ஜெனரேட்டர் தருவது. அண்ணாச்சியின் விசிறி ஓசையில்லாமல் சுற்றுவதற்காக எங்கோ ஒரு பவர் ஹவுஸில் ராட்சத எஞ்சின் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது. அந்த ஊழியர் காதில் பஞ்சு வைத்திருப்பார். அமைதியின் செலவில் பாதியை அவர் ஏற்கிறார் என்று அண்ணாச்சியிடம் சொன்னால், "அங்க என்ன கூலர் போட்டிருக்காங்க?" என்று கேட்பார்.

அந்தக் கம்ப்யூட்டரில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்காமல் இருப்பது மரியாதை. பையனின் விண்ணப்பப் படிவம் ஒன்றிரண்டு, கரண்ட் பில், மற்றபடி புதிய கூலர்களின் வீடியோ. என்ஹெச்-டி15-க்கு 2024-இல் ஜி2 என்று ஒரு தம்பி பிறந்திருக்கிறது. அண்ணி அதற்குள் ஒரு மிக்ஸி வாங்கிவிட்டார்கள், அபர்தீன் பஜாரிலேயே, கையோடு. அது ஓடும்போது அண்ணாச்சி வாசலுக்குப் போய்விடுகிறார்.

நீங்களும் வீட்டில் கம்ப்யூட்டர் கோக்கிறவராக இருந்தால் விஷயம் எளிது. 65 வாட் பிராசசருக்கு ஒற்றைக் கோபுரமும் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறியும் உள்ள நடுத்தர விலைக் கூலர் தாராளம். வாங்குமுன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பயாஸில் போய், 60 டிகிரி வரை விசிறி மெதுவாகவே சுற்றட்டும் என்று அமைத்துவிடுங்கள். பாதிச் சத்தம் காசு செலவில்லாமல் அங்கேயே அடங்கும். சில மாதத்துக்கு ஒருமுறை தூசியைத் தட்டுங்கள், பக்கவாட்டுத் தகட்டை மூடி வையுங்கள். அண்ணாச்சி உங்கள் வீட்டுக்கு வந்து, தலையைச் சாய்த்து, "கேக்குதா?" என்றால் உடனே மிக்ஸியைப் போட்டுவிடுங்கள்.