உத்தியோகமும் காலமும்

மூன்று காலங்களோடு தொல்காப்பியர் திருப்தியடைந்துவிட்டார். ஆங்கில இலக்கணப் பாடமோ அவற்றைப் பன்னிரண்டாகப் பெருக்கி, ஒரு மனிதர் தம் ஜீவனோபாயம் இன்னதென்று சொல்லி முடிப்பதற்குள் வியர்க்க வைத்துவிடுகிறது. நிரந்தர உத்தியோகமாயின் ‘ஐ ஒர்க்’ என்பதும், தற்காலிகமாயின் ‘ஐ ஆம் ஒர்க்கிங்’ என்பதும் ஆங்கிலேயர் சம்பிரதாயம். நம் குமாஸ்தாவோ, ஒரே நாற்காலியில் இருபது வருஷம் வீற்றிருந்த பின்னரும், ‘ஐ ஆம் ஒர்க்கிங்’ என்றே கம்பீரமாக மொழிந்து, கேட்கும் வெள்ளைக்காரருக்கு அடுத்த வாரமே ராஜிநாமா செய்யப்போகிறவர்போலத் தோற்றமளிக்கிறார். (அத்தருணத்தில் அவர் வேலை செய்துகொண்டுதான் இருந்தாரா என்பது இலக்கணத்துக்குப் புறம்பான விஷயம்.) ஆனால் நம்முடைய மனு என்னவாயிற்று என்று கேட்டுப் பாருங்கள், அப்போது மட்டும் அவர் காலத்தில் பிழையே செய்வதில்லை: ‘அண்டர் கன்சிடரேஷன்’ என்கிறார், அதில் வினைச்சொல்லே கிடையாது.