நட்டதும் பிடுங்கியதும்

இப்போதெல்லாம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் காட்டு முகாமுக்கு அழைத்துப் போவதென்றால், பெற்றோர் ஒப்புதல் படிவம், மருத்துவச் சான்று, வனத்துறை அனுமதி, அம்மாக்களுக்கென்று தனி வாட்ஸ்அப் குழு என்று காகிதமும் கைப்பேசியும்தான் முதலில் மலையேறுகின்றன. எண்பதுகளின் கடைசியில் நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, "சார்கூடத்தானே போறான்" என்ற ஒற்றை வாக்கியமே படிவமும் சான்றும் அனுமதியுமாக இருந்தது.

வத்தலக்குண்டில் ஒரு பஸ், கொடைக்கானலில் இன்னொரு பஸ் என்று மாறி, பூம்பாறைக்கு அப்பால் குளிரில் இறங்கும்போது, கழுத்தில் விசிலும் இரவல் பைனாகுலரும் தொங்க, மேற்குத் தொடர்ச்சி மலையையே தனியாளாகக் காப்பாற்ற வந்தவன்போல் நிற்பேன். விசில் ஊதி ஊதிப் பறவைகளையெல்லாம் விரட்டிவிட்டு, அப்புறம் பைனாகுலரில் அவற்றைத் தேடிய அந்த ஒல்லி வாத்தியாரை இன்று எதிரில் பார்த்தால் நானே சிரித்துவிடுவேன்.

பகலெல்லாம் கோணிச் சாக்கோடு குப்பை பொறுக்குவோம். உங்கள் பள்ளிப் பருவம் எந்தக் காலமென்று சொன்னால், அந்த வருஷம் காட்டில் என்ன கிடந்தது என்று நான் சொல்லிவிடுவேன்: முதலில் பீடிக்கட்டுத் தாளும் துருப்பிடித்த தகர டப்பாவும், பிறகு பாக்குப் பொட்டலமும் ஷாம்பு சாஷேயும், அதற்கும் பிறகு தண்ணீர் பாட்டில். 2019இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழகம் தடைசெய்தது. சாக்கு கொஞ்சம் இளைத்தது உண்மைதான், ஆனால் அதற்கு ஓய்வு கொடுக்கும் நாள் வரவில்லை.

குப்பையைவிடப் பெரிய வேடிக்கை வாட்டில் மரம். சோலைக்காட்டை ஒட்டிய புல்வெளிகளை வெறும் தரிசென்று எண்ணி, தோல் பதனிட உதவுமென்று, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரத்தை எங்களுக்கு முந்தைய தலைமுறை மலை மலையாக நட்டது. அந்தப் புல்வெளிதான் மழையைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு விடுகிறது, வரையாட்டுக்கும் அதுவே மேய்ச்சல் நிலம் என்பதெல்லாம் ஊருக்குப் பிற்பாடுதான் உறைத்தது. மரத்தை வெட்டினால் மண்ணில் பல்லாண்டாகத் தூங்கும் விதைகள் கூட்டமாக எழுந்துகொள்ளும். ஆகவே, தாத்தாக்கள் நட்டதைப் பேரப்பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து நாற்று நாற்றாகப் பிடுங்குகிறார்கள். அதற்குள், பழைய வாட்டில் தோப்பின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தானாக முளைக்கின்றன, அங்கே கை வைக்காதீர்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இந்தக் காட்டில் எதைச் செய்தாலும் பாதிதான் சரி.

சாயங்காலங்கள் மட்டும் முழுசாகச் சரியாயிருந்தன. ஊர்ப் பள்ளித் திண்ணையில் பெட்ரோமாக்ஸ் சீற, மலைப்பூண்டு தட்டிப் போட்ட ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்போமே, அந்த ஒன்றுமில்லாமைதான் முகாமின் சாரம். அதில்தான் பேய்க்கதை பிறக்கும். வகுப்பில் வாய் திறக்காத பையன் பாட ஆரம்பிப்பான். இப்போது சோலார் விளக்கு, பவர்பேங்க், ஒரே ஒரு கம்பி சிக்னல் எல்லாம் உண்டு. அந்த ஒற்றைக் கம்பியைத் தேடி ஒரு பாறைமேல் மொத்த வகுப்பும் ஏறி நிற்கிறது.

என்றாலும் படிவங்களை நான் பழிக்கமாட்டேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டபிறகு, "சார்கூடத்தானே" என்ற வாக்கியத்துக்கு அவ்வளவு கனம் தாங்காது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 2024இல் மாநிலம் முழுக்க 40 மலைத்தடங்களுக்கு இணையத்திலேயே முன்பதிவு வந்தபோது, வழிகாட்டியோடு போகிறார்களே என்று மனம் நிம்மதிப்பட்டது. வழி தவறும் சுகம் போயிற்றே என்று கொஞ்சம் முனகவும் செய்தது.

அந்த நாளில் அட்டைக்குப் பயந்து காலுறைக்குள் புகையிலைத் தூள் திணித்துக்கொண்டு, திரும்பும்வரை தும்மிக்கொண்டே வந்த ஒரு பையன் இன்று தகப்பன். போன முகாமுக்கு மகனை அனுப்பியபோது, "வெந்நீர் கிடைக்குமா சார்?" என்று மூன்று தரம் குரல் பதிவு அனுப்பினான். பூர்த்திசெய்த படிவத்தைப் பார்த்தேன். 'மாணவருக்கு ஒவ்வாமை ஏதேனும் உண்டா?' என்ற கேள்விக்கு நேரே முத்து முத்தாக எழுதியிருந்தான்: 'மகனுக்கு இல்லை. அப்பாவுக்கு அட்டை.'